அங்காலை நில்லுங்கோ, அப்பு

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஊரில் இருந்த மதிப்பு, நான் உடுப்பிட்டியில் வாத்தியார் என்பதால் வந்ததல்ல. என்னிடம் ஒரு பெற்றோமாக்ஸ் விளக்கு இருந்தது. மலாயாவில் வேலை பார்த்த அண்ணை லீவில் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். இரண்டு தரம் ஏற்றப் பார்த்து, இரண்டு தரமும் மெண்டிலை உதிர்த்துவிட்டு, "உனக்குத்தான் பொறுமை. நீயே வைச்சிரு" என்று என் தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்.

மெண்டில் என்பது விளக்குக்குள் தொங்கும் சின்னப் பட்டுப்பை. முதல் தரம் எரிந்ததும் அது சாம்பலாகிவிடும்; அந்தச் சாம்பல்தான் பிறகு வெளிச்சம் தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிற் விட்டுச் சூடாக்க வேண்டும், சூடேறிய பிறகு பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நெருப்பு குப்பென்று மேலே பாயும். எனக்குக் கைராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கைராசி ஒன்றுமில்லை. வேறு ஒருவரையும் நான் அதைத் தொட விடவில்லை, அவ்வளவுதான்.

கலியாண வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு வந்து, "தம்பி, நீர் வந்தால்தான் எங்கடை வீட்டிலை வெளிச்சம்" என்பார்கள். செல்வச்சந்நிதித் திருவிழாவுக்குத் தொண்டைமானாறு வரை மாட்டுவண்டியில் அந்த விளக்கை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். வண்டி குலுங்கினால் வண்டிக்காரருக்கு ஏச்சு விழும். அந்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

விளக்கு வருவதற்கு முன் ஊர்வலங்களுக்குத் தீவட்டிதான். அதைப் பிடிப்பவர் வயதானவர், நல்ல உயரம். ஒரு கலியாணத்தில் நான் விளக்கை ஏற்றிக்கொண்டிருக்க, அவர் வழக்கம்போலத் தீவட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். பொறி பறந்தது. "அங்காலை நில்லுங்கோ, அப்பு. கண்ணாடி வெடிச்சுப் போடும்" என்றேன். அவர் தள்ளி நின்றார். பேரப்பிள்ளை கண்ட வயதுக்காரரை அப்பு என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. நானும் மரியாதையாகத்தான் சொன்னேன். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை.

என் மகள் தவழத் தொடங்கிய நாளிலிருந்து அந்த விளக்கைச் சுற்றித்தான் வளர்ந்தாள். நான் ஏற்றும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஸ்பிரிற் மணம் வந்தால், "ஐயா, ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்பாள். "உன்ரை கலியாணத்துக்கும் நான்தான் கொளுத்துவன்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மெண்டில் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய்க்கும் கூப்பன். விளக்கைத் துடைத்துக் கூரை வளையில் தொங்கவிட்டேன். ஒரேயொரு மெண்டிலை மட்டும் தகரப் பேணியில் போட்டு, அவளுடைய கலியாணத்துக்கென்று ஒளித்து வைத்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கந்தோரில் கிளாக்கர் வேலை. அவருடைய தகப்பனார் நல்ல மனுசன். எல்லாம் பேசி முடிந்து எழும்பும்போது, "பட்டினத்திலையிருந்து லைற் எஞ்சின் நாங்கள் எடுப்பிக்கிறம். நீங்கள் வெளிச்சத்துக்குக் கஷ்டப்படாதையுங்கோ" என்றார். நான் வளையில் தொங்கிய விளக்கை அண்ணாந்து பார்த்தேன். அவர்கள் போன பின் மனைவி சொன்னாள்: "நல்லதாப் போச்சு. பொம்பிளையின்ரை தகப்பன் வாற சனத்தை வரவேற்க வேணும். விளக்கோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கேலாது." அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கலியாணத்தன்று பின்னேரம் எஞ்சின் லொறியில் வந்தது. கூடவே ஒரு பெடியன், இருபத்திரண்டு வயதிருக்கும், கையெல்லாம் கிறீஸ். கிணற்றடிக்கு அப்பால் எஞ்சினை இறக்கி, பந்தல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகளைக் கட்டினான். எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கிட்டப் போய், "தம்பி, உதை எவ்வளவு நேரம் சூடாக்க வேணும்?" என்று கேட்டேன்.

"சூடாக்கிறதோ? சுவிச்சைப் போட்டால் சரி" என்று சிரித்தான். பிறகு என் காலடியைப் பார்த்துவிட்டு, "அங்காலை நில்லுங்கோ, அப்பு. உதிலை வயர் கிடக்கு" என்றான்.

பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எனக்கு நாற்பத்துமூன்று வயது. பல் ஒன்றும் விழவில்லை, தலையில் நரையும் இல்லை. ஆனாலும் நகர்ந்தேன். அப்போதுதான் தீவட்டிக்காரரின் ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் நகர்ந்தார்.

நேரே உள்ளே போய் விளக்கை இறக்கினேன். எண்ணெய் விட்டு, பேணியில் இருந்த மெண்டிலைக் கட்டி, மணவறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்தேன். ஸ்பிரிற் போத்தலையும் நெருப்புப்பெட்டியையும் மடியில் செருகிக்கொண்டேன். எஞ்சின் நின்றால் உதவும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அது நிற்க வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். மகளின் முகூர்த்தத்தில் இருட்டு வரட்டும் என்று காத்திருந்த தகப்பன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எஞ்சின் ஒழுங்காக ஓடியது. தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போது எஞ்சின் ஒருதரம் செருமியது. பல்புகள் மங்கிச் சிவந்தன. சனம் அண்ணாந்து பார்த்தது. நான் அறைக்குள் ஓடினேன்.

கிண்ணத்தில் ஸ்பிரிற்றை விட்டுக் கொளுத்தினேன். விட்ட அவசரத்தில் கொஞ்சம் சட்டையில் ஊற்றுப்பட்டது. நீலச் சுவாலை எழும்பியது. சூடேறும்வரை பொறுக்க வேண்டும்; அதில் அவசரப்பட முடியாது என்று எனக்குத் தெரியாதா. குந்தியிருந்து பொறுத்தேன். கதவிடுக்கால் பல்பு வெளிச்சம் பழையபடி வெள்ளையாக விழுந்தது. எஞ்சினும் ஒரே சீராக இரைந்தது. எழும்பிப் போயிருக்கலாம். ஏற்றத் தொடங்கிய விளக்கை நடுவில் விட்டுப் பழக்கமில்லை. பம்பில் கை வைத்தபோது வெளியே கெட்டிமேளம் முழங்கியது.

நான் மணவறைக்கு வந்து சேர்ந்தபோது சனம் அறுகரிசி போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளும் மருமகனும் காலில் விழுந்து கும்பிட்டார்கள். மருமகன் எழும்பிவிட்டார். மகள் எழும்பும்போது என் சட்டைக்குக் கிட்ட முகம் வந்ததும் ஒரு கணம் நின்றாள்.

"ஸ்பிரிற் மணக்குது, ஐயா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"லைற் நிண்டு போகுமெண்டு..." என்று தொடங்கினேன்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருந்தது. தாலி கட்டேக்கை உங்களைத்தான் காணேல்லை."

அவளுடைய நெற்றியில் திருநீறு பூசினேன். சாமான் அறையில் விளக்கு எரிந்தபடி இரைந்துகொண்டிருந்தது.