அம்மா விட்ட மூன்று லாரிகள்

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் ஊரில் லாரிகள் பகலிலேயே விளக்கெரித்துக்கொண்டு வந்தன. குவாரியிலிருந்து விருத்தாசலம் பீங்கான் சூளைகளுக்கு வெள்ளை மண் போகிற பாதை அது. பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாங்கள் போகிற பாதையும் அதுதான். ஒரு லாரி போனால் கால் மணி நேரத்துக்குத் தூசி அடங்காது. அதற்குள்ளிருந்து முதலில் பேச்சுச் சத்தம் வரும், பிறகு ஒரு கை, பிறகு ஒரு குடம். சாலையோர வேப்பமரம் வெள்ளையாக நின்றது. அதில் ஒரு காக்கை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தூசிக்குள்தான் பெரியம்மாவை ஒரு லாரி இடித்துவிட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. எந்த லாரி என்று யாருக்கும் தெரியவில்லை. இடித்தவனுக்கே தெரிந்திருக்காது என்றார் பெரியப்பா.

அப்பாவும் மண் லாரி ஓட்டியவர்தான். அன்று சாயங்காலம், "இனிமே அந்த மண்ணத் தொடமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். மறுவாரத்திலிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் லோடு அடிக்கப் போவதாகச் சொல்லி, விடியுமுன்பே கிளம்பிவிடுவார். வரும்போது எங்கோ குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருவார்.

ஊர்ப் பெண்கள் மறியலுக்குப் போனார்கள். இரண்டு தடவை தோற்றார்கள். லாரிகள் ஹாரனை அழுத்தியபடி நேராக வந்தன. கடைசி நொடியில் இவர்கள்தான் சிதறி ஓடினார்கள். தூசியில் ஆள் நிற்பதே தெரியவில்லை என்று டிரைவர்கள் சொன்னார்களாம். இருக்கலாம்.

மூன்றாவது மறியலை அம்மாதான் நடத்தினாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போனேன். உச்சி வெயில். துளிக் காற்று இல்லை. இமைவரை வெள்ளையாக, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பெண்கள் சாலையோரம் பேசாமல் நின்றார்கள். அவர்களில் யார் என் அம்மா என்று தெரியவில்லை. பயந்துபோய் "அம்மா" என்றேன். நான்கு பேர் திரும்பினார்கள்.

முதல் லாரியின் சத்தம் கேட்டது. பெண்கள் சாலையில் இறங்கப் போனார்கள்.

"இது வேணாம்," என்றாள் அம்மா. அவள் கண்ணை மூடியிருந்தாள்.

இரண்டாவது வந்தது. "இதையும் வுடுங்க."

"எதுக்குக்கா வுடணும்? எல்லாம் ஒரே மண்ணுதான?" என்று சித்தி சீறினாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே காதைச் சாய்த்தாள். மூன்றாவதும் போனது. அடுத்த லாரி வளைவுக்கு அப்பாலேயே கியரைக் குறைப்பது கேட்டது. அம்மா கண்ணைத் திறந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தூசிக்குள் நடந்துபோனாள். போனவள் தெரியவில்லை. இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிரேக் அலறியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தூசி அடங்க அடங்க முதலில் லாரியின் முகப்பு தெரிந்தது. அதற்கு ஒரு முழம் முன்னால், மண்ணில் செய்துவைத்ததுபோல அசையாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஓடிப்போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த லாரிகள் வரிசையாக நின்றன.

அந்த டிரைவர் மட்டும் இறங்கவில்லை. நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார். முகமெல்லாம் வெள்ளை. கண்கள் மட்டும் அப்பாவுடையவை.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார்.

இறங்கிவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள யாரு இருக்காங்க?" என்று சித்தி கேட்டாள்.

"யாரோ வெளியூர்க்காரங்க."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெயிலிலும் அவள் கை சில்லென்றிருந்தது.

தாசில்தார் வந்தார். லாரிகள் இனி ஏரிக்கரைப் பாதையில், தார்ப்பாய் மூடித்தான் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் பாதி நடந்தது. நின்ற லாரிகள் பின்னாலேயே நகர்ந்து திரும்பிப் போயின. அப்பா கடைசிவரை இறங்கவில்லை.

சாயங்காலம் ஈரத்தலையோடு வந்து, சேத்தியாத்தோப்பில் வெயில் தாங்கவில்லை என்றார்.

"அங்கயுந்தானா?" என்றாள் அம்மா, சோற்றைப் போட்டபடி.

ஒரு பெரிய ரகசியத்தை நான் தனியாகக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு அன்று படுத்தேன். அந்த வழியில் வருகிற டிரைவர்களில், இந்தத் தூசிக்குள் தன் பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பார்களோ என்று பயந்து, வளைவுக்கு அப்பாலேயே கியரைக் குறைக்கிறவர் ஒருவர்தான். அவர் யார் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும். அது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.