மூன்று தரம் கேட்ட சோறு

பராமரிப்பின் தரம் எப்படி என்று பார்க்க மாதம் ஒருமுறை போகிற வெளியாள் நான். தெற்கு லண்டனில் ஒரு இல்லம். வீட்டில் இருக்க முடியாத பதின்ம வயதுப் பிள்ளைகளை உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் அங்கே தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கிறது. நான் போகிற நாளில் தரை பளபளக்கும். தீயணைப்புக் கருவியில்கூடத் தூசி இருக்காது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

போன வருடம் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் பிள்ளை ஒருத்தி அங்கே வந்து சேர்ந்தாள். தாய் மோர்டனில் இருந்து ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து பார்ப்பார். ஒரு நாள் மேலாளர், பிள்ளை சாப்பிட மறுக்கிறாள், உண்ணுதல் சார்ந்த மனநோய் போலத் தெரிகிறது, லண்டனுக்கு வெளியே ஒரு மருத்துவமனைக்கு மாற்றப் போகிறோம் என்றார். அவ்வளவு தூரத்துக்குத் தாய் எந்த பஸ்ஸில் போவது?

அன்று சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே இருந்தேன். ஊழியர் பாத்திரத்தோடு வந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். அவள் தட்டைக் கையால் மறைத்து, வேண்டாம் என்றாள். அவர் பாத்திரத்தோடு போய்விட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறத்தியார் வீட்டில் கேட்டவுடன் தட்டை நீட்டினால் எங்கள் அம்மாமார் முறைத்தே கொன்றுவிடுவார்கள். நாம் போதும் என்ற பாவனையில் "காணும், காணும்" என்போம், அவர்கள் விடாமல் போடுவார்கள், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அவளுக்கு அந்த இல்லம் இன்னும் பிறத்தியார் வீடுதான்.

இதை மேலாளருக்கு விளக்கி, மூன்று தரமாவது கேட்க வேண்டும் என்றேன். ஆர்வமாகத் தலையாட்டினார். நல்ல மனிதர்தான், எரிச்சலே அதுதான். அடுத்த மாதம் போனால், ஊழியர் மேசையருகே நின்று மூச்சு விடாமல் வேண்டுமா, வேண்டுமா, வேண்டுமா என்றார். அவள் மூன்று தரமும் மறுத்தாள். மூன்று தரம் கேட்டும் மறுக்கிறாள், நோய் முற்றிவிட்டது, அடுத்த கிழமையே மாற்றம் என்றார் மேலாளர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவளைத் தனியே கூப்பிட்டு, "பசிக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"பசிக்குது அன்ரி. ஆனா ஒருத்தரும் எங்களோட இருந்து சாப்பிடுகினம் இல்லை. சும்மா நிண்டு பாக்கினம். எனக்கு இறங்குதில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே மேலாளரிடம் போய், ஊழியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுவரை இந்த மாற்றம் தவறு என்றுதான் என் அறிக்கையில் எழுதுவேன் என்றேன். மேலாளர் பேனையை எடுத்தார்.

"எத்தனை நிமிடம் உட்கார வேண்டும்?"

பதில் சொல்லப் பொறுமை இல்லை. பிள்ளையை மறுபடி சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிவந்து, ஒரு கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மேலாளரை இருக்க வைத்து, அவர் தட்டில் சோற்றைப் போட்டேன். பசியில்லை என்றார். இன்னும் ஒரு கரண்டி போட்டேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கரண்டியை என்னிடம் வாங்கித் தனக்கும் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் எழுந்தார். மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்து, இடம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

அவள் தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. இருங்கள், பிள்ளை சாப்பிட்டு முடியட்டும் என்றேன்.