அக்காவுக்காக நான் சொன்ன நல்ல வார்த்தைகள்

அந்த அழைப்பு நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. போனில் பதிவாகியிருந்த நேரத்தைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மனுகாவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் பின்புறம், காருக்குள் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. தெரியாத எண். அந்த நாட்களில் தெரியாத எண் எது வந்தாலும் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு எடுத்துவிடுவேன். எங்களுக்கு வீடு தேவைப்பட்டது.

ஒன்பது வருடம் குடியிருந்த வீட்டுக்கு உரிமையாளரின் மகன் குடிவரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. ஆறு வாரம் அவகாசம். மகள் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். கணவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை தோறும் மூன்று வீடு, நான்கு வீடு என்று பார்த்தோம். ஒவ்வொன்றையும் கால் மணி நேரம்தான் திறந்து வைப்பார்கள். வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கும். உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அலமாரிகளைத் திறந்து மூடுவோம். திரைச்சீலையை விலக்கி ஜன்னல் ஓரத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தாலும் விண்ணப்பிப்போம்.

அதே மாதத்தில் அக்கா வாடகைக்கு இருந்த வீடும் விற்பனைக்கு வந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் உடன்பிறந்தவரை அல்ல. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கணவர், இரண்டு சிறு பெண்கள். நாங்கள் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, பேசி வைத்திருந்த வீடு கடைசி நேரத்தில் இல்லையென்று ஆகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு நேராகக் கோயிலுக்குப் போனோம். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அங்கே சமையலறையில் நின்றிருந்த அக்கா பெட்டிகளைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், அன்று மாலையே கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் அவர் வீட்டு ஹாலில் படுத்தோம். நாங்கள் கிளம்பிய மறுநாள் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி அதே மெத்தையில் படுத்தார்கள்.

வாடகை விண்ணப்பத்தில், உங்களைப் பற்றி விசாரிக்க ஒருவரின் பெயரும் எண்ணும் கேட்பார்கள். ஒருமுறை நிரப்பினால் போதும். எந்த வீட்டுக்குக் கேட்டாலும் அதே படிவம்தான் போகும். அக்கா என் பெயரைக் கொடுத்திருந்தார். நான் அவர் பெயரைக் கொடுத்திருந்தேன். இதில் யோசிக்க ஒன்றும் இருந்ததாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பக்குரங்காவில் ஒரு மூன்று படுக்கையறை வீட்டைப் பார்க்கப் போனபோது, அதன் குளியலறையில் அக்கா குனிந்து குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அங்கே போவதாக நானும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை.

"நீங்களுமோ?" என்றார்.

"ஆமாக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

என் கணவரை, மகளை, என்னை வரிசையாகப் பார்த்தார். "சும்மா பாக்கிறதுக்கு மூண்டு பேரும் அயன் பண்ணின உடுப்போட வந்திருக்கிறியள்."

சிரித்தோம். அவருடைய பெண்களும் பள்ளிச் சீருடையைவிட நல்ல உடையில்தான் இருந்தார்கள். வெளியே வந்து ஷூவைத் தேடும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆருக்குக் கிடைச்சாலும் சரிதான்" என்றார். நானும் ஆமாம் என்றேன். காரில் ஏறியதும் கணவர், "அவங்களுக்கு நம்மளவிட ஒரு வாரம் முன்னாடியே காலி பண்ணணும்ல?" என்று கேட்டார். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை.

அழைப்பு வந்தது அதற்கு அடுத்த புதன்கிழமை. பேசியது ஓர் இளம்பெண், வீட்டை நிர்வகிக்கும் அலுவலகத்திலிருந்து. அக்காவின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா என்றாள். எத்தனை வருடமாகத் தெரியும், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்களா, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா. எல்லாவற்றுக்கும் நன்றாகவே சொன்னேன். பின்னால் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, எப்படிப்பட்ட மனிதர்கள் என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

இத்தனை வருடத்தில் அக்காவைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நாங்கள் அவர் வீட்டு ஹாலில் மூன்று வாரம் படுத்ததைச் சொன்னேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைச் சொன்னேன். யார் புதிதாக வந்தாலும் முதலில் அவர் வீட்டில்தான் தங்குவார்கள், அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளே கிடையாது, சின்னவளின் பிறந்தநாளுக்கு அறுபது பேருக்குத் தானே சமைத்தார் என்றேன். தட்டச்சு ஓரிடத்தில் நின்றது. பிறகு வேகமாகத் தொடங்கியது. இப்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நான்கு பேர்தான், ஒரு மாணவர் இருந்தார், போன மாதம் போய்விட்டார் என்றேன்.

அதுவரை நான் சொன்னதை நான் மன்னித்துக்கொள்கிறேன். ஊரில் ஒருவரைப் பற்றி இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

எந்த வீட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் தெருவின் பெயரைச் சொன்னாள். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது பக்குரங்கா வீடு, எங்களுக்கும் வேண்டிய வீடு. அவள் கையில் நான் கொடுத்தது என்ன என்பதும் விளங்கிவிட்டது: எப்போதும் ஆள் கூடும் குடும்பத்துக்கு இங்கே வீடு கொடுக்கத் தயங்குவார்கள். வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டாள். அது பழைய கதை, இப்போது யாரும் தங்குவதில்லை, அமைதியான குடும்பம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். என் மடியில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது.

"இல்லை" என்றேன். நன்றி என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது.

அந்த அழைப்பைப் பற்றிக் கணவரிடம் அன்றே சொன்னேன். "நீ என்ன பொய்யா சொன்ன? விடு" என்றார். மகளுக்குச் செய்தி அனுப்பியபோது பதிலுக்கு வரிசையாகப் பத்துப் பதினைந்து இதயங்கள் வந்தன. பள்ளி மாற வேண்டாம், பஸ் மாற வேண்டாம். நான் அலுவலகக் கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டி கட்டுவேன், பாதியில் எழுந்து அடுப்பைத் துடைப்பேன், பிறகு எந்தப் பெட்டியில் என்ன போட்டேன் என்று மறுபடி பிரிப்பேன்.

சாவி கொடுக்க வந்தவர் வயதானவர், அந்த அலுவலகத்தின் மேலாளர். கையெழுத்து வாங்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: உங்களைப் பற்றி விசாரித்தபோது அந்த அம்மாள் மிக நல்லபடியாகச் சொன்னார்கள், உங்கள் வீட்டுக்கு யாரும் வருவதே இல்லையாம், இருக்கிறீர்களா என்றே தெரியாதாம்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன்.

வீடு மாறிய அன்று அக்கா வந்தார். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். முட்டிபோட்டுச் சமையலறை அலமாரிகளின் உட்புறத்தைத் துடைத்தார். பெண்கள் இருவரும் காலி அறைகளில் ஓடினார்கள். "இதிலதான் நான் படுக்கப் போறன்" என்று சின்னவள் ஓர் அறையைக் காட்டினாள். அவளுக்கு யாரும் இன்னும் விளக்கியிருக்கவில்லை. அக்கா துணியைப் பிழிந்துகொண்டே, என் மகள் பக்கம் தலையசைத்து, "அது அக்காவின்ர அறை, வாங்கோ இஞ்சால" என்றார். குரல் மாறவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் மனுகாவில் ஒரு உறவினர் வீட்டின் கராஜுக்குப் போனார்கள். உருட்டுக் கதவுக்கு உள்புறம் போர்வை தொங்கவிட்டு, நடுவில் அலமாரியை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு மேசைமேல் ரைஸ் குக்கரும் கெட்டிலும். குளிக்கவும் மற்றதற்கும் பிரதான வீட்டுக்குள் போக வேண்டும். பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். சின்னவள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் அக்கா பேச்சை ஒரு நொடி நிறுத்தித் தொடர்ந்தார். நான்காவது முறை போனபோதுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் என்னை வழியனுப்பக் காருக்கு வந்திருந்தார்.

"அக்கா, உங்களப் பத்திக் கேட்டு எனக்கு போன் வந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

போனில் சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைசிக் கேள்வியையும், அதற்கு இல்லை என்றதையும் சொன்னேன். அவர் காரின் கூரையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபது பேரோ? எழுபத்தஞ்சு" என்றார்.

நான் அழத் தொடங்கினேன். அவர் தடுக்கவில்லை.

"எனக்கும் போன் எடுத்தவை. உங்கட வீட்டுக்கு ஒரு சனமும் வாறேல்லை எண்டு சொன்னனான்."

"தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னீங்களா அக்கா? எங்களுக்கு நல்லதுன்னு?"

சற்று யோசித்தார். "தெரியேல்லை. உண்மைதானே" என்றார். பிறகு, "ஒரு விசயம். குறை நினையாதேங்கோ. படிவத்தில உங்கட பேரை எடுத்திட்டன். என்ர மனுசன்ர வேலையிடத்து சூப்பர்வைசரைப் போட்டிருக்கிறம். அவருக்கு எங்களப் பற்றி ஒண்டும் தெரியாது. அதுதான் நல்லம்."

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். பாதி வழியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனி அந்த அழைப்பு எனக்கு வராது என்ற நிம்மதி. அதை உணர்ந்ததும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கராஜில் அவர்கள் பதினோரு வாரம் இருந்தார்கள். பிறகு தெற்கே, நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளி, ஒரு சிறிய வீடு கிடைத்தது. பெண்கள் பள்ளி மாறினார்கள். அக்கா கோயில் சமையலறைக்கு வருவது நின்றுவிட்டது. நானே போனில் கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று.

"வாங்கோ, ஏன் கேக்கிறியள்" என்றார். உடனே குரலைத் தணித்து, "ஆனா காரை எங்கட வாசல்ல விடாதேங்கோ. அடுத்த தெருவில விட்டிட்டு நடந்து வாங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் ஓனரின்ர ஆள். மூண்டு பேரும் ஒண்டா வராமல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தாலும் நல்லம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

போனோம். அடுத்த தெருவில், டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன மளிகைக் கடைக்கு முன்னால் நிறுத்தினோம். வீடு இருக்கும் இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். தெரியும் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு வயது பதினெட்டு. இன்னும் சில வருடத்தில் அவளும் இப்படி ஒரு படிவத்தை நிரப்புவாள். கணவர் முதலில் இறங்கி நடந்தார். அவர் முனை திரும்பும்வரை நாங்கள் இருவரும் காருக்குள் இருந்தோம். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.