அவள் ஒட்டின பிளாஸ்டர்

வேலையாக்களோட நோர்வேக்குப் பனிச்சறுக்கப் போன என்ர மனுசன், ரெண்டு குதிக்காலிலும் கொப்புளத்தோட நொண்டிக்கொண்டு டென்மார்க்கில எங்கட சில்க்போர்க் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குளிருமெண்டு நான் வைச்சுவிட்ட தடிச்ச சொக்ஸ் ரெண்டு சோடியையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு, அந்த இறுகின சறுக்குப் பூட்ஸுக்குள்ள காலைத் திணிச்சிருக்கிறார்.

“மெல்லிய சொக்ஸ் ஒண்டுதான் போடவேணுமாம். கூட வேலை செய்யிற டெனிஷ் பிள்ளைதான் சொன்னவ. பிளாஸ்டரும் அவதான் ஒட்டிவிட்டவ,” எண்டு சிரிச்சார்.

வயோதிபர் இல்லத்தில நாள் முழுக்க படுக்கையில கிடக்கிற மற்றவையின்ர குதிக்கால் புண்ணாகாமப் பார்க்கிறதுதான் என்ர வேலை. இந்த மனுசன் ஒருநாளும் என்னட்டைக் காலை நீட்டினதில்லை.

கொப்புளப் பிளாஸ்டர் தானாக் கழருமட்டும் உரிக்கக்கூடாது. அது எனக்கு நல்லாத் தெரியும். அவள் ஒட்டினதில ஒரு சுருக்கம்கூட இல்லை.

காலை நீட்டச் சொல்லி, ரெண்டையும் இழுத்து உரிச்சன்.

“நோகுதப்பா,” எண்டார்.

“நோகும்,” எண்டு சொல்லி, என்ர பிளாஸ்டரை ஒட்டினன்.