கோமோ மலையில் வழி கேட்டவன்

பேய், ஆவி, குறி, சகுனம் இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், கண்ணாடித் தட்டில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதிக் கொடுப்பேன், தெரியாததை எழுதுவது கிடையாது. யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து, செத்தவர் கட்டிலடியில் வந்து நின்றார் என்று கதை தொடங்கினால், தேநீர் போடுகிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு அண்ணா, பெயர் ரூபன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன், அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் எங்களுக்கு எல்லாம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் நாங்கள் இருந்தபோது, அவன் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து சுவிஸுக்கு வெளிக்கிட்டான். வழியில் எங்கெங்கோ மாதக்கணக்கில் நின்று, கடைசியாக ஒருநாள் வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுத்தான். அம்மா ஓடிப்போய்ப் பேசினார், நான் அம்மாவின் தோளில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இத்தாலியிலை நிக்கிறனம்மா. பெரிய ஏரி ஒண்டு இருக்கு. ஏரிக்குப் பின்னாலை மலை, மலைக்கு அங்காலை சுவிஸ். நாளைக்கு நடக்கப் போறம். போய்ச் சேர்ந்தவுடனை எடுக்கிறன்."

எடுக்கவில்லை. நாங்கள் விசாரிக்காத இடமில்லை, அந்த ஏஜென்சிக்காரனும் ஆள் இல்லாமல் போய்விட்டான். பிறகு எனக்குக் கலியாணமாகி, நியூசிலாந்துக்கு வந்து, அம்மாவையும் கூப்பிட்டு ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்களோடு வைத்துக்கொண்டேன். அண்ணாவுக்குத் திவசம் செய்ய அம்மா விடவேயில்லை. ஹோலில் அவன் படம் எங்கள் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் மாலையில்லாமல்தான் தொங்கியது. யாராவது தெரியாமல், "இவர் எங்கை இருக்கிறார்?" என்று கேட்டால் அம்மா, "வெளியிலை இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் அபி தன் முதல் சம்பளங்களைச் சேர்த்து எங்களை இத்தாலிக்கு அனுப்பினாள். அவள் இங்கே பிறந்தவள், மாமாவின் கதை அவளுக்குத் தெரியும், ஆனால் எந்த ஏரி, எந்த மலை என்று எங்களுக்கே தெரியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும். படங்களைப் பார்த்து வடிவாக இருக்கிறது என்று கோமோ என்ற ஊரைத் தெரிவு செய்திருந்தாள். நான் கைபேசியில் வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஊருக்குப் பின்னால் ஒரு கோடு ஓடியது, கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவிஸ். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இத்தாலியில் ஏரிகளுக்கா பஞ்சம்? அம்மாவிடம் இத்தாலி என்று மட்டும் சொன்னேன். "அங்கை குளிரும், தடிச்ச உடுப்பாக் கொண்டு போ பிள்ளை" என்றார்.

மிலானிலிருந்து ரயிலில் போய் இறங்கினோம். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஊரை நான் முன்பு கண்டதில்லை. சின்னச் சின்னக் கற்கள் பதித்த ஒடுங்கிய தெருக்கள், நகரத்தைச் சுற்றிப் பழைய மதில், நடுவில் வெள்ளைக் கல்லில் கட்டிய பெரிய தேவாலயம், அதன் வண்ணக் கண்ணாடிகளால் வெளிச்சம் வந்து தரையில் சிவப்பும் நீலமுமாக விழுகிறது. தெரு முடிகிற இடத்தில் திடீரென்று ஏரி. இவர், அதாவது என் கணவர் பாலன், பட்டுக் கடைகளில் எனக்குக் கழுத்துத் துணி பார்த்தார், கரையோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், ஒரு சோடி பிள்ளைகள் அன்னங்களுக்குப் பாண் எறிந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஏரியைப் படம் எடுத்தார்கள். நான் ஏரிக்குப் பின்னால் இருக்கிற மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு விளங்கிவிட்டது.

"என்னப்பா, உம்மடை அண்ணையை நினைச்சுக்கொண்டோ இருக்கிறீர்?"

"இந்த ஏரியோ என்னவோ..."

"இதுவாயும் இருக்கலாம்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை படகில் பக்கத்து ஊருக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறுகிற நடைபாதையில் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம் என்று நான்தான் கேட்டேன். நல்ல வெயில். இலையுதிர் காலத் தொடக்கம், பாதை முழுக்க முள்ளுக் கோதோடு செஸ்நட் காய்கள் விழுந்து கிடந்தன. எங்கோ மேலே மாடுகள் மேய்ந்தன, கழுத்து மணிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இவருக்கு முழங்கால் வருத்தம், மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கல்மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீர் போய்ப் பாத்திட்டு வாரும், நான் ஆறுதலா வாறன்" என்றார். நான் தனியே ஏறினேன்.

எவ்வளவு நேரம் ஏறினேனோ தெரியாது, ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றபோது மணிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. பாதை ஓரமாக ஒரு பெடியன் நின்றான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மெல்லிய ஜாக்கெட், காற்சட்டை முழங்கால்வரை சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையே பெய்யவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன், நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்கு அது வித்தியாசமாகப் படவேயில்லை.

"அக்கா, நீங்கள் தமிழோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி."

"அப்பாடா! சுவிஸுக்கு இதாலைதானோ போறது?"

இன்றைக்கும் இப்படி நடந்து எல்லை கடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே, அப்படி ஒருவன் என்றுதான் நினைத்தேன். "மேலை ஏறினா எல்லை வரும் எண்டுதான் நினைக்கிறன், வழி வடிவாத் தெரியாது" என்றேன். அவன் கண்ணுக்குள் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைக்கத் தலையைத் திருப்பினான். அப்போதுதான் நாடிக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் அண்ணா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து ஓட்டிக்கொண்டு போனபோது மதகடியில் விழுந்து கிழிந்த நாடி. எனக்கு ஒன்றும் ஆகாமல் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் முகம் குப்புற விழுந்தவன்.

பயம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

"தம்பி, உங்கடை பேர் என்ன?"

"ரூபன்."

அவன் என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். அவன் பார்த்தது நரைத்த தலையும் கண்ணாடியுமாக நிற்கிற யாரோ ஒரு பொம்பிளையை. அவனுடைய தங்கச்சிக்குப் பதினான்கு வயது.

"இஞ்சை ஏறாதேங்கோ. என்னோட கீழை வாங்கோ, சாப்பிட்டுப் படுத்திட்டு நாளைக்குப் பாப்பம்," என்றேன்.

"இல்லையக்கா, நேரமில்லை. அம்மா போனடியிலை பாத்துக்கொண்டிருப்பா. தங்கச்சி ஒண்டும் இருக்கு, அவள் நல்லாப் படிப்பாள். போய்ச் சேர்ந்து முதல் வேலையா அவளைக் கூப்பிடோணும்."

நான்தான் அந்தத் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவனுக்கு என்ன விளங்கிவிடும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். பைக்குள் காலையில் பேக்கரியில் வாங்கிய பாண் இருந்தது, அதை எடுத்து நீட்டினேன். வாங்கும்போது அவன் விரல் என் கையில் பட்டது. குளிர்ந்திருக்கவில்லை, காய்ச்சல்காரன் கை மாதிரிச் சுட்டது. பாணை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

"அவள் நல்லாப் படிச்சு வருவாள்," என்றேன். "அவளைப் பற்றி யோசிக்காதேங்கோ."

அண்ணா சிரித்தான். "போயிட்டு வாறன் அக்கா."

வளைவுக்கு மேலே ஏறினான். நானும் பின்னால் ஏறினேன், பத்து அடி இருக்காது, வளைவுக்கு அங்கால் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள், ஒரு பழைய கல்மதில், அவ்வளவுதான். மாட்டு மணி திரும்பக் கேட்டது. இவர் வந்து சேரும்போது நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அண்ணாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி என் தலையைத் தடவினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. படகில் திரும்பும்போது ஏரி முழுக்க வெயில், ஆட்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வாரம் பொறுத்து, ஒரு பின்னேரம் அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லாதபடி பின்னால் இருந்துகொண்டு சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை, கனவு கண்டாயோ என்று கேட்கவுமில்லை.

"சாப்பிட்டவனோ?"

"பாண் குடுத்தனான் அம்மா."

"மெலிஞ்சு போனானோ?"

"கொஞ்சம்."

அம்மா தலைமுடியை என் கையிலிருந்து வாங்கித் தானே முடிந்தார். பிறகு, "அப்ப அவன் இன்னும் போய்ச் சேரேல்லை" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கு ஆகிவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் நித்திரையிலேயே அம்மா போய்விட்டார். கடைசிவரை அண்ணாவின் படத்துக்கு மாலை போட விடவில்லை, நானும் இன்னும் போடவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்குச் சாமான் வாங்க நானும் இவரும் ஒடாஹுஹுக் கடைத்தெருவுக்குப் போனோம். நல்ல மழை. சந்தி விளக்கில் கார் நின்றபோது, ரயிலால் இறங்கி வந்த பெடியள் கொஞ்சப்பேர் நனைந்துகொண்டே எங்களுக்கு முன்னால் தெருவைக் கடந்தார்கள். இவர் சும்மா பேச்சுக்கு, கார்க் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே சொன்னார், "அண்டைக்கு அந்த இத்தாலி மலையிலை உம்மோட நிண்ட பெடியள் மாதிரி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தப் பெடியள்?"

"நீர் ஒருத்தனோட கதைச்சுக்கொண்டு நிண்டீரே. நான் கீழை வளைவிலை வரேக்கை கண்டனான். மற்றவங்கள் பின்னாலை மரத்தடியிலை குந்திக்கொண்டு இருந்தாங்கள். அஞ்சாறு பேர் இருக்கும். எல்லாம் தெப்பமா நனைஞ்சு. அதிலை ஒரு சின்னவன், காலிலை சப்பாத்துமில்லை."

"ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"இதிலை என்ன சொல்லக் கிடக்கு? எங்கடை பெடியள் இல்லாத இடமோ?" என்றார். விளக்கு பச்சைக்கு மாற, காரை எடுத்தார்.

அண்ணாவுக்குப் பின்னால் நான் கண்டது மரங்களை மட்டும்தான். எத்தனை தரம் கண்ணை மூடி யோசித்தாலும் மரங்கள்தான். கோயிலிலோ தமிழ்க் கடையிலோ அம்மாவின் வயதில் யாராவது தனியே நின்றால், உங்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தில் தொலைந்த பிள்ளை யாரும் உண்டோ என்று கேட்க வாய் உன்னுகிறது. இதுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டால், பிறகு நான் அவர்களுக்கு என்ன சொல்வது?