ரோஜாப் பாத்தியில் பருப்புக்கீரை

பால்கனி ரோஜாத் தொட்டியில் பருப்புக்கீரை தானாக முளைத்திருக்கிறது. பிடுங்கக் குனிந்தேன். வழவழத்த சிவப்புத் தண்டு விரலில் பட்டதும் பழைய தி.நகர் வீட்டுக்கே போய்விட்டேன்.

மாசி பிறந்தால் அப்பாவுக்கு ஜவுளிக்கடைகூட இரண்டாம்பட்சம். ரோஜாப் பாத்திதான் உயிர். "இந்தக் களையெல்லாம் வேரோட பிடுங்கி எறி" என்று ஒரு ஞாயிறு அம்மாவிடம் கத்தினார். அம்மா பிடுங்கினாள், எறியவில்லை. பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்து மசித்து, கடுகு தாளித்தாள்.

மறுசோறு வாங்கிய அப்பா, "எந்தக் கடைக் கீரை? நாளைக்கும் வாங்கு" என்றார்.

"நாளைக்கு எங்க போக? நீங்கதான வேரோட பிடுங்கச் சொன்னீங்க!" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அப்பா, தப்பிப் பிழைத்த நாலைந்து கீரைத் துளிர்களுக்கு இடம்விட்டு, ரோஜாச் செடியைப் பெயர்த்து ஓரமாக நட்டுக்கொண்டிருந்தார்.

நானும் எழுந்து இன்னொரு தொட்டி தேடினேன், ரோஜாவுக்கு.