விளிம்புப் பாதையில் எதிரே வந்தவர்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. ஐந்து பேர் அங்கே நின்றார்கள். ஐந்து பேர் காதிலும் அது விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிட இது இருட்டில் நடந்ததுமல்ல. பட்டப்பகலில், மதியம் சாப்பிட்டது செரிப்பதற்குள் நடந்தது.

அந்த ஐவரில் ஒருத்தி உர்சுலின். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. எங்கள் டொமினிக்கா தீவின் எரிமலைப் பக்கம் நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் பதினோரு வருஷமாக அவள் பிழைப்பு. எதற்கும் லேசில் பயப்படாதவள். அவள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஜூலையில் ஒரு வார நடைக்கு அவளோடு வந்தவர்கள் மூன்றே பேர். டிரினிடாடிலிருந்து லெனாக்ஸ் என்று ஒருவர், கூட அவர் மனைவி மெர்ல். பார்படோஸிலிருந்து மிஸ் அயான்தி. ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்திருந்தார். வழியில் ஆடு மேய்க்கிறவனைப் பார்த்தாலும் நின்று வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். வரிசையில் உர்சுலின் முதல் ஆள். கடைசி ஆள் அவளுடைய பெரியப்பா மகன் ஹெஸ்கித். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

ஐந்தாம் நாள் கொதிக்கும் ஏரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாழ் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து சாப்பாடு. அங்கே பாறை இடுக்கெல்லாம் வெந்நீர் குமிழியிடும். ஹெஸ்கித் ஒரு துணியில் முட்டைகளைக் கட்டி உள்ளே இறக்கி, வேகவைத்து எடுத்துக் கொடுத்தான். சுட்ட சீமைப்பலாவும் உப்பு மீனும் கையோடு இருந்தன.

லெனாக்ஸ் முட்டையை உரித்துக்கொண்டே, "அஞ்சு நாளா நடக்க வெச்சே கொல்றீங்க. முட்டைக்கு ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவரக் கூடாதா?" என்றார்.

"உங்க நெத்தியில தொட்டுக்குங்க சார். ரெண்டு முட்டைக்கு ஆகுற அளவுக்கு வழியுது," என்றான் ஹெஸ்கித்.

மெர்ல் கைதட்டிச் சிரித்தாள். "நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டீங்களா?"

அதுதான் அன்றைக்கு அவர்கள் கடைசியாகச் சிரித்தது.

மலை உச்சியில் எப்போதோ பெய்த மழை ஆற்றில் இறங்கியிருந்தது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஆறு இப்போது பழுப்பு நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. ஹெஸ்கித் ஒரு கழியை ஊன்றி இரண்டடி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தான்.

"முடியாது உர்சு. இழுத்துட்டுப் போயிடும்."

"மேல, அந்த ஓரமா போயிடலாமாண்ணே?"

அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். பள்ளத்தாக்குக்கு மேலே, பாறையின் இடுப்பில் செதுக்கியது போல ஒரு பழைய பாதை உண்டு. கொஞ்ச காலமாக அதில் யாரும் போவதில்லை.

"இங்கயே உக்காந்திருந்தா மறுபடி மழை வரும். போலாம், ஆனா மெதுவா," என்றான்.

ஏறினார்கள். இடப்பக்கம் பாறைச் சுவர். வலப்பக்கம் பள்ளம். அடியில் எங்கோ வெந்நீர் ஊற்றுகள் சீறும் சத்தம். பாதித் தூரம் போவதற்குள் மேலேயிருந்து மேகம் இறங்கியது. கீழேயிருந்து கந்தக ஆவி ஏறியது. இரண்டும் நடுவில் சேர்ந்துகொண்டன.

நீட்டிய கை தெரியவில்லை. குனிந்தால் சொந்தக் காலே தெரியவில்லை.

"நில்லுங்க எல்லாரும். யாரும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கலையட்டும்," என்றாள் உர்சுலின்.

நின்றார்கள். அவளுக்கு அடுத்து மிஸ் அயான்தி. பிறகு மெர்ல், லெனாக்ஸ், ஹெஸ்கித். உர்சுலின் கைக்கடிகாரத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இரண்டு இருபது.

அப்போதுதான் எதிர்ப்பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது.

ஒருவர் இருவர் அல்ல. நிறையப் பேர். வேறு ஏதோ குழு ஆற்றைக் கடக்க முடியாமல் இந்த வழிக்கு வந்திருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்ததாம். எதிரே ஆள் வந்தால் நிற்கிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். மலையில் அதுதான் வழக்கம். அந்த இடத்தில் பாதை அகலம் என்பது அவள் நினைப்பு.

"முதுகைச் சுவத்துல ஒட்டி நில்லுங்க. ஆள் வருது. போகட்டும்."

முதல் ஆள் அவளைக் கடந்தான். நிழல்கூடத் தெரியவில்லை. தோள் மட்டும் அவள் தோளை உரசியது.

"போன்ஜூ."

எங்கள் ஊர்ப் பேச்சில் வணக்கம். அவளும் "போன்ஜூ" என்றாள். பக்கத்தில் மிஸ் அயான்தியும் மரியாதையாக வணக்கம் சொன்னார். அடுத்த ஆள். "போன்ஜூ." அடுத்த ஆள். "போன்ஜூ."

பத்து பேர் போயிருப்பார்கள். உர்சுலினுக்கு ஏதோ உறுத்த ஆரம்பித்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

கைத்தடி கல்லில் படும் சத்தம் இல்லை. மழைக்கோட்டு சரசரப்பு இல்லை. இவ்வளவு செங்குத்தாக ஏறி வருகிறவர்களிடம் ஒரு பெருமூச்சு இல்லை. ஒரு இருமல் இல்லை.

சப்... சப்... சப்... என்று வெறுங்கால் சத்தம் மட்டும்.

அந்தப் பாறையில் வெறுங்கால் வைத்தால் கொப்பளித்துவிடும். அவள் முதுகுப்பக்கச் சுவரே சட்டையைத் தாண்டிச் சுட்டுக்கொண்டிருந்தது.

"எங்கேயிருந்து வரீங்க?" என்று கேட்டாள்.

"கீழேயிருந்து."

"எத்தனை பேரு?"

"பின்னாடி வராங்க."

அதே குரல். பத்து பேரும் பேசிய அதே ஒற்றைக் குரல்.

அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் இடைவெளியே விடவில்லை. முன்னால் போக முடியாது, எதிரே அவர்கள். பின்னால் திரும்ப முடியாது, கடந்து போனவர்களும் அந்தப் பக்கம்தானே போயிருக்கிறார்கள்? சுவர் சுட்டது. கந்தகம் தொண்டையில் காரமாக இறங்கியது. சுவரிலிருந்து கசிந்த வெந்நீர் கழுத்து வழியாக முதுகுக்குள் ஓடியது. அசைய இடமில்லை.

"ஏம்மா, இது என்ன ஊர்வலமா? எப்ப முடியும்?" வரிசையின் அந்தக் கோடியிலிருந்து லெனாக்ஸ் குரல்.

"பேசாம நில்லுங்க சார்," என்றான் ஹெஸ்கித். அவன் குரலில் வேடிக்கை இல்லை. அவனும் கவனித்துவிட்டான் என்று உர்சுலினுக்குப் புரிந்தது.

சிறு தூறல் விழுந்தது. நின்றவர்கள் ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். உரசிப் போகிறவர்களின் துணி மட்டும் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் கை அவளைத் தடவிக்கொண்டே போனது. வழி தெரியாமல் சுவரைத் தடவுவது போல.

"போன்ஜூ."

அது குழந்தையின் குரல் அல்ல. அதே குரல்தான்.

மெர்ல் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. உர்சுலின் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி.

நாற்பது நிமிஷமாக அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"போதும்டா சாமி!" லெனாக்ஸ் கத்தினார். "வழியை விடுங்கய்யா, நாங்க போகணும்!"

"சார், வேணாம்... சார்!"

அவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். வரிசையை வெட்டிக்கொண்டு நுழைந்துவிடலாம் என்று.

ஒரே ஒரு அடி.

அந்தக் காலுக்குக் கீழே தரை இல்லை.

அவர் அலறியது, மெர்ல் அலறியது, கற்கள் உருண்டது, எல்லாம் ஒன்றாகக் கேட்டது. ஹெஸ்கித் அவர் முதுகுப்பையின் வாரைப் பிடித்துவிட்டான். ஒரு கையால் வாரை, மறு கையால் பாறையில் முளைத்திருந்த வேரை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். மெர்ல் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கற்கள் விழுந்துகொண்டே இருந்தன. வெகு நேரம் கழித்து, வெகு கீழே, 'களக்' என்று கொதிநீரில் விழும் சத்தம்.

லெனாக்ஸ் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்.

உர்சுலின் மெல்லத் தன் வலது காலை நீட்டிப் பார்த்தாள்.

கட்டைவிரலுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

காற்றுதான்.

அவர்களுக்கு முன்னால் நடக்க இடமே இல்லை.

ஆனால் சப்... சப்... சப்...

தோள் உரசியது.

"போன்ஜூ."

யாரும் பதில் சொல்லவில்லை. உர்சுலின் கண்ணை மூடிக்கொண்டாள். மிஸ் அயான்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கவேயில்லை.

உரசல்.

"போன்ஜூ."

உரசல்.

ஒரு ஆள் நின்றது. அவள் முகத்துக்கு நேரே. மூச்சு வரவில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தது.

நின்றது...

நின்றது...

பிறகு நகர்ந்து அடுத்த ஆளிடம் போனது.

எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. வெந்நீர் ஊற்றுகளின் சீறல் மட்டும் கேட்பதாக ஒரு கட்டத்தில் உணர்ந்தாள். கண்ணைத் திறந்தாள். மேகம் கிழிந்து, துண்டு துண்டாக வெயில் விழுந்தது. அவர்கள் நின்ற திட்டு ஒரு முழ அகலம்கூட இல்லை. வெளிப்பக்கம் முழுக்கச் சரிந்து எப்போதோ பள்ளத்துக்குள் போயிருந்தது. ஐந்து பேரின் காலணி நுனிகளும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஒருவர் பின் ஒருவராக, முகம் சுவரைப் பார்க்க, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து அந்த இடத்தைக் கடந்தார்கள். மலையடிவாரத்தில் காவல் கொட்டகையில் இருந்தவரிடம் ஹெஸ்கித் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இன்னைக்கு வேற யாரு மேல போனாங்க?"

"உங்க அஞ்சு பேரைத் தவிர யாரும் போகலையே. ஏன், யாரையாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல," என்றான் ஹெஸ்கித். அது பொய்யுமல்ல.

மிச்சமிருந்த இரண்டு நாள் நடை நின்றுபோனது. லெனாக்ஸும் மெர்லும் மறுநாளே விமானம் ஏறினார்கள். மிஸ் அயான்தி மட்டும் கிளம்பும்போது உர்சுலினைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சொல்லவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

நவம்பரில் உர்சுலினுக்கு பார்படோஸிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. மிஸ் அயான்தியின் தங்கை. பெயர் ஆலிவ் என்றாள்.

"அக்காவைக் காணோம்மா. மூணு வாரம் ஆச்சு. போலீஸ் தேடிட்டிருக்கு. உங்க நம்பரை அவ மேசையில பாத்தேன்."

அன்றைக்குக் காலையில் தூறலாம். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். அயான்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தாராம்.

"'போன்ஜூ'ன்னா. எங்க ஊர்ல யாரும்மா அப்படிச் சொல்றா? செருப்புகூடப் போடாம எறங்கிப் போனா. பக்கத்துல ரொட்டி வாங்கத்தான் போறான்னு நினைச்சேன். எதிர்வீட்டுக்காரர் பாத்திருக்கார். தனியாத்தான் போனாளாம். ஆனா முன்னாடி யாரோ போற மாதிரி, அவங்க காலை மிதிச்சிடாம பாத்துப் பாத்து அடி வெச்சு நடந்தாளாம்."

உர்சுலின் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு அவ தவிச்சிட்டே இருந்தாம்மா. மலையில யாரோ காதோட காதா அவ பேரைக் கேட்டாங்களாம். மரியாதையா கேட்டாங்க, நானும் மெதுவா சொன்னேன்னா. அப்புறம் இன்னொண்ணும் கேட்டாங்களாம்."

"என்ன... என்ன கேட்டாங்க?"

"'உங்களை இங்க கூட்டிட்டு வந்தது யாரு?'ன்னு."

ஆலிவ் குரலைத் தாழ்த்தினாள்.

"அதையும் சொல்லிட்டாளாம்மா. முழுப் பேரும்."

உர்சுலின் என்பது அவள் பெயர் இல்லை. நான் வைத்தது. உண்மைப் பெயரை எழுதவும் கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வழிகாட்டும் வேலையை விட்டுவிட்டாள். தூறல் ஆரம்பித்தால் நான் ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் மழை விடும்வரை திறக்கக் கூடாது. அதுவும் அவள் கேட்டுக்கொண்டதுதான்.

சாவி என்னிடம் இருக்கிறது. போன வாரம் பெய்த மழையில் அவள் கெஞ்சவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.